கண்காணியின் தகுதியும் அசனப் பந்தியும்

திருமண்டலத் தேர்தல் நெருங்கும்போதும், போதகர் ஒருவர்மீது புகார் கிளம்பும்போதும் நம் கிறித்தவ நண்பர்கள் தவறாமல் எடுத்து நீட்டும் வேதபகுதி ஒன்று உண்டு. பவுல் எழுதியதாகச் சொல்லப்படும் தீமோத்தேயுவுக்கான முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம். சபைத் தலைவருக்கு என்னென்ன குணம் வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. குற்றம் சொல்ல இடமில்லாதவராக இருக்க வேண்டும், ஒரே மனைவி, குடிக்கக் கூடாது, அடிதடி கூடாது, பண ஆசை கூடாது, சொந்த வீட்டை ஒழுங்காக நடத்தத் தெரிய வேண்டும், இப்படிப் போகிறது. பழைய தமிழ் வேதாகமம் இந்தத் தலைவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கண்காணி'. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் மக்களை ஓட்டிக்கொண்டு போன கங்காணியும் அதே சொல்லில் பிறந்தவர்தான். மேற்பார்வை பார்ப்பவர் என்பதுதான் இரண்டுக்கும் பொருள்.

இந்தப் பட்டியல் நடைமுறையில் எப்படிச் சுருங்கிவிட்டது என்று பாருங்கள். நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்துச் சபைகளில் 'நல்ல ஐயர்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டால் பதில் சட்டென்று வரும். குடிக்க மாட்டார், பொம்பளை விவகாரம் இல்லை, காணிக்கையில் கை வைக்க மாட்டார். (சி.எஸ்.ஐ. போதகரை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும் அழைப்பது தென்மாவட்ட வழக்கம். பார்ப்பனப் பட்டத்தை மதம் மாறிய பிறகும் சுமக்கிறோம் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.) இவை வேண்டாத குணங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே பட்டியலில் இருக்கும் இன்னொரு தகுதியை எந்தத் தேர்தல் மேடையிலும் நான் கேட்டதில்லை. தலைவர் அந்நியரை உபசரிப்பவராக இருக்க வேண்டும் என்கிறது அந்த நிருபம். மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் பிலோக்சேனோஸ். அந்நியரை நேசிப்பவர் என்று பொருள். உறவுக்காரருக்கு விருந்து வைப்பதை அது குறிக்கவில்லை. தன் கூட்டத்தைச் சேராதவரைத் தன் வீட்டுக்குள் அழைத்து, தன் பாத்திரத்தில் சோறு போடுவதைக் குறிக்கிறது.

சாதிச் சமூகத்தில் இதைவிடக் கடினமான தகுதி வேறு இல்லை. குடிக்காமல் இருப்பதற்கு ஒருவர் தன் சாதியைவிட்டு வெளியே வர வேண்டியதில்லை. ஒரே மனைவியோடு வாழ்வதற்கும் வேண்டியதில்லை. அந்த மனைவி சொந்தச் சாதியாக இருந்தால் ஊர் இன்னும் மகிழும். யாரோடு உட்கார்ந்து யார் சமைத்ததைச் சாப்பிடுகிறீர்கள் என்ற இடத்தில்தான் ஒழுக்கம் என்ற சொல் சாதியோடு நேருக்கு நேர் மோதுகிறது.

மோதியிருக்கிறது, இந்த மண்ணிலேயே. நரிக்குடி வட்டாரத்துச் சீர்திருத்தச் சபைகளுக்குத் தாய்வீடு அமெரிக்கன் மதுரை மிஷன். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த மிஷன் அது. திருமங்கலம், திருப்புவனம், பசுமலை என்று பரவி, கமுதி போகும் வழியிலுள்ள மண்டபசாலையிலும் பிறகு அருப்புக்கோட்டையிலும் நிலையங்கள் அமைத்தது. அந்த மிஷன் 1847இல் ஒரு முடிவெடுத்தது. சாதி என்பது சமூக வழக்கம் மட்டுமல்ல, புறமதத்தின் சாரம். அதை முழுமையாக, நடைமுறையில் விட்டவரைத்தான் பக்தியுள்ளவர் என்று ஏற்க முடியும். விட்டதற்கு அடையாளம், எந்தச் சாதிக் கிறித்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடத் தயாராக இருப்பது. ஆய்வுக்காக அந்தக் கால மிஷன் வரலாறுகளைப் புரட்டும்போது என்னை நிறுத்தியது இந்த இடம்தான். 'பக்திக்குச் சாட்சி என்ன' என்ற கேள்விக்கு ஜெபமோ உபவாசமோ பதிலாகச் சொல்லப்படவில்லை. சோற்றுப் பந்தி சொல்லப்பட்டது.

விளைவு என்ன? ஊழியர்களுக்கே முதலில் சோதனை. உபதேசியார்களும் பள்ளி வாத்தியார்களும் பந்தியில் உட்காரச் சொல்லப்பட்டார்கள். பலர் மறுத்தார்கள். சம்பளத்தையும் பதவியையும் விட்டுவிட்டுப் போனார்கள். வேதம் தெரிந்தவர்கள், பிரசங்கத்தில் தேர்ந்தவர்கள், குடிக்காதவர்கள். இயேசுவை விடச் சம்மதித்தார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. இயேசுவையும் சாதியையும் சேர்த்தே வைத்துக்கொள்ள இடம் தரும் வேறு சபைகளுக்குப் போனார்கள். மூன்றாண்டுகள் கழித்து, 1850இல், சென்னை மிஷனரி மாநாடு இதே நிலைப்பாட்டை எல்லா மிஷன்களுக்கும் பொதுவாக்கப் பார்த்தது. லைப்சிக் லூத்தரன் மிஷன் அதற்கு உடன்படவில்லை. சாதியைச் சமூகப் பழக்கமாகப் பார்த்து மெதுவாகத்தான் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் வாதம். 'மெதுவாக' என்ற சொல் நமக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான்.

மிஷனரிகளைக் கும்பிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. இதே மிஷனின் தலைமை அமைப்பான அமெரிக்கன் போர்டு, 1845இல் புரூக்ளினில் கூடியபோது எதிர்மாறான முடிவுக்கு வந்திருந்தது. செரோக்கி, சோக்டா பழங்குடி மக்களிடையே அது நடத்திய சபைகளில் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தவர்கள் உறுப்பினர்களாக இருந்தார்கள். அடிமை வைத்திருப்பது மட்டுமே ஒருவரைச் சபையிலிருந்து விலக்கப் போதுமான காரணம் அல்ல என்றது போர்டு. இதைப் பொறுக்காத அடிமை ஒழிப்பாளர்கள் 1846இல் தனியாக அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷனைத் தொடங்கினார்கள். ஆக, தன் நாட்டில் மனிதரை விலைக்கு வாங்கியவர் பரிசுத்தவானாக நீடிக்கலாம், மதுரையில் பறையரோடு சாப்பிட மறுப்பவர் நீடிக்கக் கூடாது. அடுத்தவர் வீட்டுப் பாவம் எப்போதும் தெளிவாகத் தெரியும். பந்தியில் உட்காருங்கள் என்று உத்தரவிட்ட வெள்ளைக்காரரின் சொந்த அதிகாரத்துக்கு எந்தப் பந்தியிலும் சோதனை இல்லை. இவ்வளவையும் சொன்ன பிறகும், 1847இன் முடிவு சரியான முடிவு. எடுத்தவர்களின் யோக்கியதையை வைத்து முடிவின் நியாயத்தைத் தள்ள வேண்டியதில்லை.

அதற்கு நூறாண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் நடந்ததோடு ஒப்பிட்டால் அதன் எடை புரியும். 1733இல் கடலூர் வேளாளரான ஆரோன் முதல் இந்திய சீர்திருத்தச் சபைப் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்தவர் யார் என்ற கேள்வி வந்தபோது மிஷனரிகள் முன் ராஜநாயக்கன் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர், சுவிசேஷங்களைத் தானே வாசித்து லூத்தரன் சபைக்கு வந்தவர். துன்புறுத்தலுக்கு நடுவில் தஞ்சைப் பகுதியில் சபைகளைக் கட்டியவர். குணத்தில் ஒரு குறையும் மிஷனரிகள் காணவில்லை. ஆனால் அவர் பறையர். அவர் கையால் வேளாளக் கிறித்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள், தங்கள் வீட்டு வாசலில்கூட ஏற்ற மாட்டார்கள் என்று தயங்கினார்கள். 1741இல் தியோகு என்ற இன்னொரு வேளாளர் போதகரானார். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார்.

இங்கே யாருடைய ஒழுக்கம் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும்? அப்பம் வாங்க மறுக்கப்போகிறவர்களுடையது. பரிசோதிக்கப்பட்டது யாருடையது? ராஜநாயக்கனுடையது. அவர் தேர்ச்சியும் பெற்றார். பதவி மட்டும் கிடைக்கவில்லை. தகுதி பற்றிய நம் பேச்சு முழுவதிலும் இந்தத் தலைகீழ்தான் இன்றுவரை தொடர்கிறது.

அந்த நிருபத்தின் பட்டியல் ஒரு நிபந்தனையோடு முடிகிறது. சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் தலைவர் நற்பெயர் பெற்றிருக்க வேண்டுமாம். ரோமப் பேரரசில் சின்னஞ்சிறு குழுவாக அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அது பாதுகாப்பு. நரிக்குடியில் அதற்கு என்ன பொருள்? இங்கே 'வெளியே இருப்பவர்' என்றால் ஊர். காலனிக்குள் இருக்கும் சபையின் போதகரை ஊர் எப்போது 'தங்கமானவர்' என்று சொல்லும்? கண்மாய் மீன் குத்தகையில் பங்கு கேட்காதவரை. மயானத்துக்குப் பாதை கேட்டு மனு எழுதித் தராதவரை. ஊர்த் தெரு வழியாகச் சைக்கிளில் போகும்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவரை. இந்த ஊர்களுக்குப் பக்கத்துப் பூமிதான் முதுகுளத்தூர். வேதநாயகம் வாத்தியாரின் மகன் இம்மானுவேல் சேகரன், 1957 செப்டம்பர் 10 அன்று அங்கே நடந்த சமாதானக் கூட்டத்தில் மற்ற தலைவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஊரின் நற்சான்றிதழைத் தகுதியாக வைத்தால் அவர் ஒரு சேகரக் கமிட்டிக்குக்கூடத் தேறியிருக்க மாட்டார்.

அம்பேத்கரிடம் வருவோம். 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் புரோகிதம் பற்றி அவர் வைத்த யோசனை நம் தோழர்களில் பலர் அவ்வளவாகக் கவனிக்காதது. புரோகிதம் பரம்பரைச் சொத்தாக இருக்கக் கூடாது. அரசு நடத்தும் தேர்வில் தேறி, சன்னது பெற்றவர் எவரும் புரோகிதராகலாம். ஒழுக்கம் தவறினால் அவர்மேல் மற்ற அரசு ஊழியர்மேல் எடுப்பதுபோல நடவடிக்கை எடுக்க வேண்டும். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகும் போராட்டத்தில் 1970இலிருந்து நாம் கேட்டுவருவதும், 2021 ஆகஸ்டில் ஓரளவு கிடைத்ததும் இதன் ஒரு பகுதிதான்.

இப்போது திருச்சபையைப் பாருங்கள். அம்பேத்கர் இந்து மதத்திடம் கேட்டது காகிதத்தில் அப்படியே அங்கே இருக்கிறது. பிறப்பால் எவரும் போதகராவதில்லை. செராம்பூர் செனட்டின் பி.டி. பட்டம் வேண்டும். நேர்முகம், பயிற்சிக் காலம், அபிஷேகம், ஒழுங்கு நடவடிக்கைக்கு விதிகள் என எல்லாம் உண்டு. தலித் இளைஞர்கள் படித்துப் பட்டம் வாங்கிப் போதகராகவும் ஆகியிருக்கிறார்கள். அப்படியானால் சாதி எந்த வழியாக உள்ளே வருகிறது? மாற்றல் உத்தரவு வழியாக வருகிறது. எந்தப் போதகர் நகரத்துப் பெரிய சபைக்கு, எந்தப் போதகர் பஸ் போகாத கரிசல்காட்டுச் சேகரத்துக்கு என்று முடிவாகும் இடத்தில் வருகிறது. நரிக்குடிப் பக்கம் மாற்றல் ஆனவரிடம் 'என்ன தப்பு பண்ணுனீங்க?' என்று சக போதகர்கள் வேடிக்கையாகக் கேட்பார்கள். சாதி எண்ணிக்கையை வைத்து டி.சி. உறுப்பினர் கூட்டணி கட்டும்போது வருகிறது. அரசு சம்பளம் கொடுக்க, திருமண்டலம் நியமனம் செய்யும் உதவிபெறும் பள்ளிகளின் வாத்தியார் வேலைகளில் வருகிறது. தாளாளர் பதவிக்காகத்தான் இத்தனை சண்டையும் என்பது சபைக்குப் போகும் குழந்தைக்கும் தெரியும்.

பேராயர் தேர்வு இவற்றின் உச்சம். தென்னிந்தியத் திருச்சபையின் பிரதமப் பேராயர் தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023 செப்டம்பரில் செல்லாது என்றது. பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70ஆக உயர்த்தும் திருத்தமும் அந்தச் சண்டையின் நடுவில் இருந்தது. 2024 ஏப்ரலில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகத்துக்கு நியமிக்கும் அளவுக்குப் போய், பிறகு வழக்கு உச்சநீதிமன்றத்துக்கும் போனது. மூன்றாண்டு கூடுதல் பதவிக்காக உச்சநீதிமன்றம் வரை போகத் தெரிந்த ஒரு திருச்சபை, தலித்துகள் பிணத்தைத் தனி மயானத்தில் புதைக்கும் சபைகளைப் பற்றி ஒரு ஒழுங்கு நடவடிக்கைக் குழு அமைத்துப் பார்த்திருக்கலாம்.

கத்தோலிக்கத் தரப்பு இதில் மேல் என்று யாரும் ஆறுதல் தேட வேண்டாம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி வகுத்த வழியில், பிராமண சந்நியாசி வேடம் பூண்ட குருக்கள் ஒடுக்கப்பட்ட சாதியாரோடு பழகக் கூடாது. அவர்களுக்கென்று பிறகு பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்கள் வந்தார்கள். அதாவது சேரியிலிருந்து விலகி நிற்பதே குருவின் தகுதியாக இருந்தது. 1847இன் முடிவுக்கு நேர் எதிர்முனை, அதே மதுரையில். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்களில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள், தலைமையிலோ மிகச் சிலர் என்றது. முதல் தலித் கர்தினால், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, 2022 ஆகஸ்டில்தான் வந்தார்.

பெண்கள் விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 'ஒரே மனைவியையுடைய' என்ற சொற்றொடரைப் பிடித்துக்கொண்டே எத்தனையோ காலம் கடத்தினார்கள். 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயர் ஆனபோது வானம் இடிந்து விழவில்லை.

ஒழுக்கக் குற்றச்சாட்டுகளைச் சாதி எப்படிப் பயன்படுத்துகிறது என்பதையும் பேச வேண்டும். ஒரு தலித் போதகர் சாராயம் குடித்தார் என்ற வதந்தி ஒரே வாரத்தில் திருமண்டல அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். மகளுக்குச் சாதி பார்த்து, சாதிச் சங்கத் தலைவர் முன்னிலையில் கல்யாணம் முடித்த ஆதிக்க சாதிப் போதகரின் குணத்தைப் பற்றி யாரும் மனு எழுத மாட்டார்கள். வாழ்த்து பேனர்தான் வைப்பார்கள். இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. சிறுமிகளிடமும் பெண்களிடமும் அத்துமீறுகிற போதகரை 'நம்ம ஆள், சாதியால பழிவாங்குறாங்க' என்று காப்பாற்றும் வேலையை நாம் செய்யக் கூடாது. அத்துமீறல் அத்துமீறல்தான், அங்கே போக்சோ சட்டமும் காவல் நிலையமும்தான் இடம், சேகரக் கமிட்டி அல்ல. என் வாதம் தனிமனித ஒழுக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதல்ல. சாதியைக் கடைப்பிடிப்பதையும் அதே ஒழுக்கக் குற்றப் பட்டியலில், அதே மையில் எழுதுங்கள் என்பது.

எழுத முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, எல்லாருக்கும் 'பரட்டை' அண்ணன், பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர். 2005இல் மறைந்தார். அவர் இறையியலின் நடுவில் இருந்தது ஒரே உலை. தனித்தனி அடுப்பில் தனித்தனியாகப் பொங்கித் தின்பவர்கள் ஒரே குடும்பம் அல்ல, ஒரே உலையில் பொங்கிப் பகிர்பவர்கள்தான் சபை என்றார். 1847இல் வெள்ளைக்காரர் மேலேயிருந்து உத்தரவாகச் சொன்னதை அவர் கீழேயிருந்து, தலித் மக்களின் சமையல்கட்டிலிருந்து சொன்னார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். முதலாவதில் தலித் சமைப்பவர், சோதனைக்குப் பயன்படும் ஒரு கருவி. இரண்டாவதில் பந்தியை வைப்பவரே அவர்.

சமபந்தி மட்டும் போதாது என்று அம்பேத்கர் அன்றே சொன்னார். கலப்பு மணம்தான் மருந்து என்றார். உண்மை. வருடத்துக்கு ஒருநாள் அசனத்தில் ஒன்றாக உட்கார்ந்துவிட்டு மறுநாள் மாப்பிள்ளை தேட 'கிறிஸ்தவ நாடார்', 'கிறிஸ்தவ வேளாளர்' என்று விளம்பரம் கொடுக்க முடியும், கொடுக்கிறார்கள். ஆனால் நம் கிராமங்களில் பந்தியே இன்னும் நடக்கவில்லை. பண்டிகை அசனத்துக்குக் காலனிச் சபையில் உலை வைத்தால், அதே சேகரத்தின் ஊர்ச் சபைக்காரர்கள் பாயசம் மட்டும் டம்ளரில் வாங்கிக்கொண்டு 'வீட்ல வேலை கிடக்கு' என்று கிளம்புவது நமக்குத் தெரிந்த காட்சிதானே? அந்தக் கிளம்புகிறவர்களில் ஒருவர் அடுத்த முறை டி.சி.க்கு நிற்பார். திருவிருந்து வாங்கும் உறுப்பினரா, சந்தா பாக்கி இருக்கிறதா என்று அவரைக் கேட்பார்கள். இளைஞர் ஐக்கியத்தில் இருக்கும் தோழர்கள் அங்கேயே எழுந்து வேறு சில கேள்விகளைக் கேட்கலாம். கடைசியாகக் காலனியில் யார் வீட்டில் கைநனைத்தீர்கள்? உங்கள் சபை மயானத்தில் யார் யாருக்கு இடம்? நீங்கள் தாளாளராக இருந்தபோது நியமித்த ஆசிரியர்களில் தலித்துகள் எத்தனை பேர்? சாதிச் சங்கத்தில் உறுப்பினரா? பதில் சொல்ல மறுத்தால் அந்த மறுப்பையே நோட்டீஸ் பலகையில் எழுதிப் போடலாம்.

இந்தக் கேள்விகளுக்கு இன்று ஒரு அவசரமும் இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவரைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. நரிக்குடி ஒன்றியத்தில் தனி ஊராட்சியாக ஒதுக்கப்பட்ட இடத்தில் ஒரு தலித் கிறித்தவர் தலைவர் பதவிக்கு நிற்க முடியாது. தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை கிறித்தவச் சூழலில் அதே கடுமையோடு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டும் என்று 1985இல் சூசை வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தின் முன்னும் அதே கேள்விதான். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தலித் கிறித்தவருக்குப் பட்டியல் சாதித் தகுதி கோரித் தீர்மானம் போட்டது. எல்லாத் திருச்சபைகளின் தலைவர்களும் இந்தக் கோரிக்கையை ஆதரிக்கிறார்கள். ஆம், எங்கள் சபைகளில் சாதிக் கொடுமை தொடர்கிறது என்று டெல்லியில் சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறார்கள். அந்தக் கொடுமையைச் செய்கிறவர்களும் இவர்களுடைய சபை உறுப்பினர்கள்தானே? சேகரச் செயலர், பொருளாளர், தாளாளர், டி.சி. உறுப்பினர் என்று அவர்கள் எல்லாருடைய பெயரும் திருமண்டல அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது.